ஜூலையில் தோழியோடு கன்னியாகுமரிக்கு வருகிறவருக்கு

மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஜூலை மாதம் ஒரு வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பப் போகிறீர்கள். கல்லூரியில் கூடப் படித்த தோழியும் நீங்களும்தான், இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, அவருக்கு மூட்டு வலி. சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாமா, ஒரே நாளில் பதினான்கு இடம் காட்டும் வேனில் ஏறலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "வலித்தாலும் சொல்லமாட்டாள், எனக்காக நடந்துவிடுவாள்" என்று, உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எதையெல்லாம் பார்க்கலாம் என்பதைவிட, எதையெல்லாம் விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார நேரம் கிடைக்கும் என்பதற்குத்தான் உங்களுக்குப் பதில் தேவை.

முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டப் பள்ளிகளில் பூகோளம் நடத்தியவள் நான். வருடம் தவறாமல் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன், ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களைக் கூட்டிப்போகிறேன். கடல், மண், காற்று பற்றி எழுதும்போது படித்த தைரியத்தில் எழுதுகிறேன். கோயில் கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்ட அளவில்தான் சொல்ல முடியும். மூட்டு விஷயத்தில் அவருடைய மருத்துவர் சொல்வதே முடிவு. எந்த இடத்தில் எத்தனை படி என்று எச்சரிக்க மட்டும் என்னால் முடியும்.

முதலில் சூரியன். உதயமும் அஸ்தமனமும் இரண்டும் கடலில் தெரியும் என்பது உண்மை, ஆனால் வருடம் முழுக்க இல்லை. குமரிமுனையிலிருந்து மேற்கே போகும் கடற்கரை நேர் மேற்கே போவதில்லை, கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகிறது. சூரியனும் ஒரே இடத்தில் மறைவதில்லை. மார்கழியில் தென்மேற்கே ஒதுங்கி மறையும், அப்போது கீழே தண்ணீர்தான் இருக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கும். நீங்கள் வரும் ஜூலையில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி வடக்கே தள்ளி இறங்கும். குமரிமுனையில் நின்றால் அந்தத் திசையில் இருப்பது தென்னையும் வீடுகளும்தான். மாலையில் அங்கே கூட்டத்தோடு நின்று ஏமாந்து திரும்பிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு வழி இருக்கிறது. மேற்கே முட்டம் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது, அதைத் தாண்டியதும் கடற்கரை வடமேற்காகத் திரும்பிவிடும். அதனால் ஜூலைச் சூரியன்கூட முட்டத்துப் பாறையிலிருந்து பார்த்தால் கடலில்தான் இறங்கும். உதயத்துக்குக் குமரிமுனை, அஸ்தமனத்துக்கு முட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உதயம் ஜூலையிலும் குமரிமுனையில் கடலில்தான், காலை 6.10 வாக்கில். அஸ்தமனம் மாலை 6.45 வாக்கில். இந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை. மேகம் மட்டும் யார் கையிலும் இல்லை, அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். ஆனால் மேற்கே மலையோரம் பெய்கிற அளவு மழை குமரிமுனையில் பெய்யாது, அதனால் நம்பிக்கையோடு எழுந்து போகலாம். தங்கும் விடுதியில் கிழக்கு பார்த்த மாடியோ பால்கனியோ இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இருந்தால் உங்கள் தோழி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவார்.

அடுத்தது பாறை. விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறை, நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலை, கணபதி ஸ்தபதி வடித்தது, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்தம் 133 அடி. பீடம் மட்டும் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே நிற்கும் சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் வரிசையில் நிற்கும் அலுப்பு போய்விடும். முன்பெல்லாம் இரண்டு பாறைக்கும் நடுவில் கடல் சரியில்லை என்றால் வள்ளுவரிடம் படகு போகாது, தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இப்போது ஒரு பாறைக்குப் போனால் அடுத்ததற்கு நடந்தே போய்விடலாம்.

ஆனால் கரையிலிருந்து பாறைக்குப் போக இன்றைக்கும் படகுதான். ஜூலையில் காற்று பலமாக இருந்தாலும், கடல் உள்வாங்கினாலும் படகை நிறுத்திவிடுவார்கள். நாளை ஓடுமா என்று முந்திய நாள் கேட்டால் படகுத்துறையில் இருப்பவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சனி, ஞாயிறு வரிசை பெரிது. நிற்க வேண்டும், ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும், பாறையிலும் படி ஏற வேண்டும். அதனால் சனிக்கிழமை உதயம் பார்த்த கையோடு முதல் படகுக்கு வரிசையில் நில்லுங்கள். அன்று ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். என் தோழி ஒருத்தி சேலத்திலிருந்து வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. காற்று அடங்கும், படகு விடுவார்கள் என்று உச்சிவெயில் வரை நின்றோம், விடவில்லை. மறுநாளும் காலையில் போய் நின்றோம். ஊருக்குக் கிளம்பும் நாள் திங்கட்கிழமை அவளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். திங்கள் அரண்மனைக்கு விடுமுறை. இத்தனை வருடம் பிள்ளைகளைக் கூட்டிப்போன எனக்கு அன்று அது நினைவில் இல்லாமல் போனது. பூட்டிய வாசலில் நின்று, "பரவாயில்ல மக்கா, உன்னப் பாத்தாச்சுல்லா" என்றாள். அவளுக்கு அந்த அரண்மனையைக் காட்ட முடியாமல் போனது இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

பாறைக்குப் போனாலும் போகாவிட்டாலும் பகவதி அம்மன் கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் கொஞ்ச நேரம் குனிந்து மண்ணைப் பாருங்கள். கைநிறைய அள்ளி ஈரம் உலர்ந்ததும் விரலால் பரப்பினால் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனியாகத் தெரியும். அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் அன்று சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மண்ணாயிற்று என்பது கதை. பாட்டி சொன்னபோது அழுதிருக்கிறேன். பாடத்தில் படித்ததும் அழகான விஷயம்தான். மலைப்பாறை தேய்ந்து ஆற்றோடு வந்த கனமான தாதுக்கள் இவை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானவை கரையில் தங்கிவிடுகின்றன. மணவாளக்குறிச்சியில் இந்த மணலைப் பிரித்தெடுக்க அரசு ஆலையே இருக்கிறது. முக்கடல் சங்கமத்தில் மூன்று கடலும் மூன்று நிறத்தில் தெரியும் என்று பலர் சொல்வார்கள், அதை நான் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. வங்கக்கடல், அரபிக்கடல் என்பவை வரைபடத்தில் நாம் இட்ட பெயர்கள், தண்ணீரில் வரப்பு கிடையாது. மேகத்தின் நிழல், ஆழம், கலங்கிய மண் இவற்றால் நிறம் பட்டை பட்டையாகத் தெரிவதுண்டு. அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல் பாறையில் மோதியது என்பதையும் கதையாகவே கேளுங்கள். உறுதியானது என்றால், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் குறிப்பான பெரிப்ளுஸில் 'கொமரி' என்று இந்த ஊர் வருகிறது, இங்கே வந்து நீராடி நோன்பிருப்பவர்களைப் பற்றியும் வருகிறது. நீங்கள் கால் நனைக்கும் இடத்தில் இரண்டாயிரம் வருடமாக யாராவது கால் நனைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

கால் நனைப்பது என்றேன், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் சத்தமில்லாமல் கரையேறும். அதனால்தான் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வெறும் கண்ணால் அது தெரியாது. ஜூலையிலோ பருவக்காற்றின் அலை வெளிப்படையாகவே பெரிது. முட்டத்தில் மேட்டிலிருந்தே பாருங்கள், ஈரப்பாறைக்கு இறங்க வேண்டாம். ஒரு பாறை ஈரமாக இருக்கிறது என்றால் அங்கே அலை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

வேன் பயணம் வேண்டாம் என்றே சொல்வேன். பதினான்கு இடம் என்றால் ஏறி இறங்குவதே பதினான்கு முறை, மூட்டு வலிக்காரருக்கு அதைவிட வதை இல்லை. வாடகைக் கார் எடுங்கள். சனி மாலை முட்டம் போகும் வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பார்த்துவிடலாம். மதியம் நடை சாத்தியிருப்பார்கள், மாலையில் திறந்ததும் உள்ளே போனால் அஸ்தமனத்துக்கு முட்டம் போய்ச் சேரலாம். வெளியே வரும்போது குளக்கரையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சுசீந்திரம், தேரூர்ப் பக்கத்து நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசைப் பறவைகளின் காலம் ஜூலை இல்லை, ஆனால் கொக்கும் நாரையும் எப்போதும் உண்டு. சனி இரவு நாகர்கோவிலில் தங்குங்கள், ஞாயிறு போக வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான் பக்கம்.

ஞாயிறு காலை 9 மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் இருங்கள். இரண்டு நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்று நீங்கள் கேட்டிருந்தால், யோசிக்காமல் இதைத்தான் சொல்லியிருப்பேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனையின் பொறுப்பு கேரள அரசிடமே இருந்துவிட்டது, இன்றும் அப்படித்தான். அதனால்தான் தமிழ்நாட்டுத் தக்கலையில் நின்றுகொண்டு கேரளத் தொல்லியல் துறையின் டிக்கெட்டை வாங்குவீர்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். நல்லதுதான், அந்தத் தரையை வெறுங்காலில்தான் உணர வேண்டும். கறுப்புக் கண்ணாடி போல இருக்கும், மிதித்தால் குளிரும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

முகப்புக் கூடமான பூமுகத்தில் நுழைந்ததும் எல்லோரும் தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுவார்கள். நீங்கள் மேற்கூரையைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. மேலே மந்திரசாலை. ராஜா ஆலோசனை நடத்திய கூடம் என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைப்போம், நம் வீட்டு ஹால் அளவுதான். மரச்சட்டங்களின் வழியாக வெயில் சல்லடை போட்டதுபோல் தரையில் விழும், வெளியே எவ்வளவு சூடாக இருந்தாலும் உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊர் வெயிலையும் மழையையும் நன்றாகத் தெரிந்த தச்சர்கள் கட்டிய வீடு அது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் அன்னதானக் கூடத்தில் நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்தால் தூண்கள் சிறுத்துக்கொண்டே போகும். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணைக் கடைசியாகப் பாருங்கள், அவசரம் இல்லாமல் ஒவ்வொரு வரிசையாக.

இங்கே ஒரு எச்சரிக்கை. மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை, சில இடத்தில் தலை குனிந்து ஏற வேண்டும். ஒருவழிப் பாதை என்பதால் பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். நிறையப் பேர் வருவதற்கு முன் உள்ளே போகச் சொன்னது அதற்காகத்தான். உங்கள் தோழியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள், அவர் வேகத்துக்கு மற்றவர்கள் காத்திருக்கட்டும். முடியவில்லை என்றால் வாசலில் இருக்கும் ஊழியர்களிடம் சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்தை மட்டும் பாருங்கள். பூமுகமும் தாய்க்கொட்டாரமும் கீழேதான் இருக்கின்றன. அதுவே நிறைவாக இருக்கும்.

உங்களுக்குக் கோயில், அவருக்கு வரலாறு என்று எழுதியிருந்தீர்கள். அரண்மனையிலிருந்து திருவட்டாறு அரை மணி நேரப் பயணம், இருவருக்கும் பொருந்தும் இடம். ஆதிகேசவப் பெருமாள் படுத்திருப்பது 22 அடி, மூன்று வாசல் வழியாகத்தான் முழுவதும் பார்க்க முடியும். 2022 ஜூலையில் இங்கே குடமுழுக்கு நடந்தது, 418 வருடத்துக்குப் பிறகு. மதியம் நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேர வேண்டும், அதனால் அரண்மனையிலிருந்து பத்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பிராகாரத்தின் தரை முழுக்கக் கல், வெயிலில் சுடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம். காமராசர் காலத்துத் திட்டம். இரண்டு மேடுகளுக்கு நடுவே பறளியாறு ஓடும் பள்ளத்தைத் தாண்டி, வானத்தில் தொட்டி கட்டி வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள். உயரம் 115 அடி, தூண்கள் 28. வற்றிக் கிடந்த விளவங்கோடு பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் போவதற்காகக் கட்டியது இது. மூட்டு வலிக்காரருக்கு இது வரம், மேலே நடைபாதை சமதளம்தான். ஆற்றுக்கு இறங்கும் படிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், இறங்குவதைவிட ஏறுவது கடினம். பாலத்தின் நடுவில் நின்றால் கீழே தென்னையின் உச்சி தெரியும். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர் என்றால் முதல் சில தூண்கள் வரை போய்த் திரும்புங்கள்.

திற்பரப்பு அருவிக்கும் நேரம் இருக்கும், ஆனால் தண்ணீர் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள், இறங்கும் வழியும் வழுக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அருவியை விட்டுவிட்டு மாத்தூரிலேயே கூடுதலாக ஒரு மணி நேரம் இருப்பேன். சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை, ஒன்பதாம் நூற்றாண்டு காலத்தவை, ஆனால் ஏற்றம் நீளமானது. இந்த முறை வேண்டாம்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எங்கே கிடைத்தாலும் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடாதவர் என்றால் புட்டும் கடலையும், மதியம் அவியலும் தீயலும். நாகர்கோவிலில் மாலை நேரம் ரசவடை. மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் அளவு பழம், அறை முழுக்க மணக்கும், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மதுரைக்குக் கொண்டுபோகாதீர்கள், காரின் சூட்டில் கனிந்துவிடும்.

அப்புறம், உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று. ஞாயிறு அரண்மனைக்கு முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்குத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் வாருங்கள், நாகர்கோவிலிலிருந்து காரில் சீக்கிரம் போய்விடலாம். படி ஏற வேண்டியதில்லை, வரிசை இல்லை, டிக்கெட் இல்லை. பிச்சியும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சாக்கைப் பிரிக்கும்போது அந்த மணம் நம் மேலே வந்து மோதும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஜூலையில் அங்கே புடவையைப் பிடித்து இழுக்கும், ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அரளி இதழை மடித்து மடித்துச் சம்பா நாரில் வைத்துப் பாய் போலப் பின்னுவார்கள், இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. கேட்டால் வேலையை நிறுத்தாமலே சொல்லித்தருவார்கள். உட்கார ஸ்டூல் கேட்டு வாங்கி உங்கள் தோழியை உட்கார வையுங்கள். கிளம்பும்போது ஆளுக்கு ரெண்டு முழம் பிச்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்தூர் போய்ச் சேரும்வரை வாடாது.